முதல் கிலோமீட்டரில் நிதானம்



பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் மிகக் கடினமான கிலோமீட்டர் எது என்று கேட்டால், பலரும் எட்டாவது என்றோ ஒன்பதாவது என்றோ சொல்வார்கள். ஒன்பது ஆண்டுகளாக ஓடி வரும் என்னைக் கேட்டால் முதலாவது என்பேன். எட்டாவது கிலோமீட்டரில் கால்கள் வலிக்கும். ஆனால் செய்ய வேண்டியது எது என்பதில் ஐயம் இராது. பொறுத்துக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். முதல் கிலோமீட்டரில் உடல் புத்துணர்வோடு இருக்கும். மூச்சு இலேசாக இருக்கும். வலமும் இடமுமாகப் பலர் நம்மைக் கடந்து போவார்கள். கை நிறையப் பணம் இருக்கும்போது கடைத்தெருவில் நடப்பதைப் போன்ற நிலை அது. அப்போது செலவிடாமல் இருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

கடந்த ஜனவரி மாதம் சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டமொன்றில், என் ராத்தாவின் கணவருக்கு நான் வேகம் காத்து ஓடினேன். ஓட்டக்காரர்கள் இந்தப் பணியைச் செய்பவரைப் பேஸர் என்பார்கள். ஒருவர் குறித்த நேரத்துக்குள் ஓட்டத்தை முடிக்க விரும்பினால், பேஸர் அவருக்குப் பக்கத்திலோ ஓரடி முன்னாலோ ஓடி, கடிகாரத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். மற்றவர் எதையும் கணக்கிட வேண்டியதில்லை. பேஸரின் முதுகைப் பார்த்து ஓடினால் போதும். அன்று கற்றவற்றை, நம் குடும்பங்களில் ஓட நினைக்கும், ஆனால் தொடங்கத் தயங்கும் நடுவயதினருக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

மச்சானைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவருக்கு இப்போது வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வயதில் சவூதிக்குப் போனவர். தம்மாமில் லாரி ஓட்டினார். மூன்று தங்கைகளின் திருமணம், ஊரில் வீடு, வாப்பாவின் மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பினார். பெட்டிகளோடு சர்க்கரை நோயும் வந்தது. அவருடைய வாப்பாவுக்கும் அதே நோய்தான். காலில் சிறிய புண்ணாகத் தொடங்கி, விரல்களை எடுத்து, பிறகு பாதத்தையே எடுக்க வேண்டி வந்தது. அப்போது மச்சான் தம்மாமில் இருந்தார், தொலைபேசியில்தான் கேட்டுக்கொண்டார்.

ஆகவே, ஈராண்டுகளுக்கு முன் அவருடைய இடது குதிகாலில் ஏற்பட்ட ஒரு கொப்புளம் ஆறுவதற்கு மூன்று மாதங்கள் பிடித்தபோது, வீட்டில் யாரும் அதைப் பற்றி உரக்கப் பேசவில்லை. புண் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மச்சான் நடப்பதையே குறைத்துக்கொண்டார். பள்ளிவாசலுக்கும் மகனுடைய வண்டியின் பின்னால் அமர்ந்தே போனார். வலி இருந்ததால் அல்ல. தம் காலின் மீது அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ராத்தா ஒரு நாள் என்னிடம், "இவங்கள எப்படியாவது எழுப்பி நடக்க வைடா தம்பி" என்று மட்டும் சொன்னார்கள்.

மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இதயத்தையும் பாதங்களின் உணர்வையும் சோதித்த பிறகு, படிப்படியாக என்றால் ஓடலாம் என்று அனுமதி கொடுத்தார். எந்த மாத்திரையை எப்போது போடுவது, ஓடுமுன் சர்க்கரை அளவு எவ்வளவு இருக்க வேண்டும், தலைசுற்றினால் என்ன செய்வது என்று தனித்தாளில் எழுதியும் கொடுத்தார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. மாத்திரைக்கு மாத்திரை, ஆளுக்கு ஆள் நிலைமை மாறும். ஓட்டத்தின்போது சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.

இரண்டு நிமிடம் மெல்ல ஓடி ஒரு நிமிடம் நடப்பது என்று தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றி இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு உட்பட வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வது அவர் வழக்கமாயிற்று. ஆறு மாதங்களில் ஐந்து கிலோமீட்டரை நடக்காமல் ஓடத் தொடங்கினார். அதன் பிறகுதான், "பத்துக் கிலோமீட்டர், எழுபது நிமிஷம். முடியுமா மாப்ளே?" என்று கேட்டார்.

இத்தகைய இலக்கை ஆசையை வைத்து முடிவு செய்யலாகாது. சான்றை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஓட்டத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன் ஐந்து கிலோமீட்டரை முழு முயற்சியோடு ஓடச் சொன்னேன். 33 நிமிடங்களில் முடித்தார். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த ஒரு வாய்பாடு உண்டு. தூரம் இரண்டு மடங்காகும்போது நேரம் இரண்டு மடங்காக மட்டும் ஆவதில்லை. களைப்பின் பொருட்டு ஏறத்தாழ 2.085 மடங்காகும் என்பது அதன் கணக்கு. அதன்படி 33 நிமிடங்களுக்குரிய பத்துக் கிலோமீட்டர் நேரம் 68 நிமிடம் 48 வினாடி. போதிய பயிற்சி உள்ளவருக்கே இக்கணக்கு பொருந்தும். மச்சானுக்கு இதுவே முதல் பத்துக் கிலோமீட்டர். சென்னையின் கடலோரக் காற்றிலோ ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. உடல் வெப்பம் தணியாமல் இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். இவற்றுக்காக ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக விட்டால் எழுபது என்பது பொருத்தமான இலக்குத்தான். நெருக்கமானது, ஆனால் நடக்கக்கூடியது.

எழுபது நிமிடங்கள் என்றால் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். கணக்கு எளிது. ஆனால் அந்த ஏழு நிமிடத்தைப் பத்துக் கிலோமீட்டருக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதே பேஸரின் வேலை. நான் தாளில் எழுதிய திட்டம் இது: முதல் இரண்டு கிலோமீட்டர் தலா 7 நிமிடம் 10 வினாடி. மூன்று முதல் எட்டு வரை தலா 7 நிமிடம். ஒன்பதாவது 6 நிமிடம் 50 வினாடி. பத்தாவதில் அவரிடம் என்ன மீதி இருக்கிறதோ அது.

முதல் இரண்டில் இருபது வினாடியை ஏன் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்க வேண்டும்? மச்சானும் இதைத்தான் கேட்டார். ஓடத் தொடங்கியவுடன் தசைகளுக்குத் தேவைப்படும் பிராணவாயு உடனே வந்து சேர்வதில்லை. இதயமும் நுரையீரலும் தேவையை எட்டிப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதுவரை தசைகள் தமக்குள் சேமித்து வைத்திருக்கும் சக்தியையும், பிராணவாயுவின் துணையின்றிக் கிடைக்கும் சக்தியையும் கொண்டு ஓடுகின்றன. அந்தக் கடன் கேட்காமலே கிடைக்கும். அப்போது வலியும் தெரியாது. பந்தயப் பரபரப்பில் சுரக்கும் அட்ரினலின் வேகத்தை இன்னும் இலேசாகக் காட்டும். இப்படித் தாங்கும் எல்லைக்கு மேலே ஓடிவிட்டால், மூன்றாவது நான்காவது கிலோமீட்டரில் மூச்சு இரைக்கத் தொடங்கி, ஏழாவதில் நடக்கும்படி ஆகும். தொடக்கத்தில் இருபது வினாடி மிச்சம் பிடித்தவர்கள் இறுதியில் மூன்று நிமிடத்தை இழப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் நிமிடங்களில் "இன்னும் வேகமாகப் போகலாம்" என்று உடல் சொல்வதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது. ஆறாவது கிலோமீட்டரில் அது சொல்வதைக் கேட்கலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இப்போது எல்லோர் கையிலும் செயற்கைக்கோள் வழியே தூரம் காட்டும் கடிகாரம் இருக்கிறது. முறையாக அளக்கப்படும் ஓட்டப் பாதையை, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அளவு சரிபார்க்கப்பட்ட சைக்கிளைக் கொண்டு அளப்பார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாமோ கூட்டத்தில் விலகி, வளைந்து ஓடுகிறோம். ஆகவே கடிகாரம் பெரும்பாலும் பலகைக்கு முன்னதாகவே "ஒரு கிலோமீட்டர் முடிந்தது" என்று ஒலிக்கும். அதை நம்பி ஓடினால், கடிகாரத்தில் பத்து முடியும்போது எல்லைக்கோடு இன்னும் சிறிது தூரம் தள்ளி நிற்கும். இதற்காகவே நான் கடிகாரத்தின் தானியங்கிக் கணக்கை நிறுத்திவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் கையால் பொத்தானை அழுத்திக் கணக்கு வைத்தேன்.

அன்று ஃபஜ்ரைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ஜமாஅத்தாகத் தொழுதோம். 1795-இல் எழுப்பப்பட்ட அந்தப் பள்ளிவாசலின் கருங்கற் சுவர்கள் இன்னும் இரவின் குளிர்ச்சியை வைத்திருந்தன. அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அந்த நடையே உடலைச் சூடேற்றப் போதுமாயிருந்தது. மச்சான் சர்க்கரை அளவைப் பார்த்து, மருத்துவர் சொன்ன வரம்புக்குள் இருக்கிறதென்று காட்டினார். குளுக்கோஸ் மாத்திரைகள் என் சட்டைப்பையில் இருந்தன.

உழைப்பாளர் சிலைக்கு அருகில் தொடக்கக் கோடு. தெற்கே இரண்டரைக் கிலோமீட்டர் போய், கலங்கரை விளக்கத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் திரும்பி வர வேண்டும். இதை இரண்டு முறை செய்தால் பத்து. முன்வரிசையில் நிற்க மச்சான் விரும்பினார். பின்பகுதிக்கு அழைத்துப் போனேன். முன்னால் நின்றால் கூட்டத்தின் வேகம் நம்மை இழுத்துச் செல்லும். பின்னால் நின்றால் கூட்டமே நமக்குக் கடிவாளமாகும். எண் அட்டையில் சிப் இருந்தது. கோட்டை நாம் மிதிக்கும்போதுதான் நம் நேரம் தொடங்கும் என்பதால், பின்னால் நிற்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

ஆறரை மணிக்கு ஓட்டம் தொடங்கியது. ஆறு நிமிடமும் ஆகவில்லை, மச்சான் பொறுமை இழந்துவிட்டார். பள்ளிச் சிறுவர்கள் கடந்தார்கள். வயதில் மூத்த அம்மையார் ஒருவர் கடந்தார். "என்ன மாப்ளே, மாட்டு வண்டியிலயா போறோம்?" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் மச்சான். அவங்கள்ல பாதிப் பேர நாம திரும்பி வரும்போது பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்" என்றேன். முதல் பலகை: 7 நிமிடம் 12 வினாடி. இரண்டாவது: 7 நிமிடம் 8 வினாடி.

ஓட்ட வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள் ஓடினார்; 3 நிமிடம் 59.4 வினாடி. அவருக்கு வேகம் காத்தவர்கள் அவருடைய நண்பர்களான கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும். முதல் சுற்றிலேயே பேனிஸ்டர், உடல் துள்ளிக்கொண்டு இருந்ததால், இன்னும் வேகமாகப் போகும்படி பிராஷரை நோக்கிக் கத்தினார். பிராஷர் அதற்கு இணங்காமல் தம் வேகத்திலேயே ஓடினார். அந்தச் சுற்று 57.5 வினாடியில் முடிந்தது. தேவையான வேகத்தைவிட அதுவே சற்று அதிகம். பிராஷர் நண்பனின் சொல்லுக்கு இணங்கியிருந்தால் நண்பனின் இலக்கு கெட்டிருக்கும். 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடியபோது, முறை வைத்து மாறி மாறி வேகம் காக்க 41 ஓட்டக்காரர்கள் துணை நின்றார்கள். அந்த ஏற்பாட்டின் காரணமாகவே அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை. ஆயினும், உலகின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கும் தம் வேகத்தைத் தாமே அளப்பது தனிச் சுமை என்பதை அது காட்டியது.

மூன்றிலிருந்து ஐந்து வரை மச்சான் என்னை விட்டுவிட்டுத் தம் மூச்சைக் கவனிக்கத் தொடங்கினார். விவேகானந்தர் இல்லமும் ராணி மேரி கல்லூரியும் இருமுறை கடந்து போயின. சூரியன் கடலுக்கு மேலே எழுந்து, திரும்பி வரும்போது எங்கள் வலப்புறம் முழுவதும் ஒளியாக இருந்தது. நான் அவரிடம் அவ்வப்போது சிறு கேள்விகள் கேட்டேன். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் குறைவு. நான்கைந்து சொற்களில் வந்தால் சரியான வேகம். ஒற்றைச் சொல்லில் வந்தால் மிகுதி. இது எந்தக் கருவியும் வேண்டாத அளவுகோல். தண்ணீர் மேசையில் நிற்காமல், கோப்பையின் வாயை அமுக்கிப் பிடித்து இரண்டு மிடறு குடிக்க அவருக்கு ஏற்கெனவே பயிற்சி உண்டு. பாதித் தூரத்தில் 35 நிமிடம் 23 வினாடி. இலக்குக் கணக்கைவிட 23 வினாடி பின்தங்கியிருந்தோம். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. திட்டத்தில் அதற்கு இடம் இருந்தது.

ஏழாவது கிலோமீட்டர்தான் சோதனை. தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்துவிட்டது. முடிவின் ஈர்ப்பு இன்னும் வரவில்லை. மச்சானின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன; கைமுட்டிகள் இறுகியிருந்தன. தோளை இறக்கி, விரல்களைத் தளர்த்தச் சொன்னேன். காந்தி சிலையைத் தாண்டும்போது, "மாப்ளே, காலு..." என்றார். எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. "வலியா, எரிச்சலா, மரத்துப்போச்சா?" என்று கேட்டேன். சிறிது தூரம் ஓடியபின், "வலிதான். ரெண்டு கால்லயும் வலி" என்றார். இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி வலி என்றால் அது களைப்பு. ஓரிடத்தில் உரசும் எரிச்சல் என்றால் அப்போதே நிறுத்தியிருப்போம். எழுபது நிமிடத்துக்காக ஒரு கொப்புளத்தைக்கூட விலையாகக் கொடுப்பதில்லை என்று முன்னரே இருவரும் பேசி வைத்திருந்தோம். "நிறுத்தணும்னா நிறுத்தலாம் மச்சான்" என்றேன். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

அப்போதுதான் அவர் பேசினார். மூச்சுக்கு மூச்சு இரண்டிரண்டு சொல்லாக. "வலி தெரியுது மாப்ளே. வாப்பாவுக்கு... கடைசியில... கால்ல ஒண்ணுமே... தெரியாமப் போச்சு. எனக்கு... வலி தெரியுது." நான் பதில் சொல்லவில்லை. அரையடி முன்னால் போய், அவர் கண்ணுக்கு என் முதுகு தெரியும்படி ஓடினேன். கடல் இருந்த இடப்பக்கத்திலிருந்து மீன் வாடை வந்தது, நொச்சிக்குப்பம் நெருங்கிவிட்டது, திருப்பம் வந்துவிட்டது. ஏழாவது 7 நிமிடம் 4 வினாடி. எட்டாவது 7 நிமிடம் 3 வினாடி.

திரும்பிய பிறகு, தொடக்கத்தில் எங்களைக் கடந்து போனவர்களை ஒவ்வொருவராகக் கடந்தோம். பள்ளிச் சிறுவர்களில் மூவர் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மையார் மட்டும் முன்னால், அதே சீரான நடையில் ஓடிக்கொண்டிருந்தார். அவர்தான் எங்களில் சிறந்த ஓட்டக்காரர். அவரைக் கடைசிவரை நாங்கள் பிடிக்கவில்லை.

ஒன்பதாவது 6 நிமிடம் 52 வினாடி. பலகையைக் கடந்ததும் கடிகாரம் 63 நிமிடம் 21 வினாடி காட்டியது. இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 39 வினாடி இருந்தது. முதல் கிலோமீட்டரில் அவர் கேட்ட வேகத்தை இப்போது கொடுக்கலாம். "இனிமே உங்க இஷ்டம் மச்சான்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். இருபத்தாறு ஆண்டுகள் லாரியை ஓட்டிய அந்தப் பெரிய உடல் முன்னால் போவதைப் பின்னாலிருந்து பார்த்தபடியே ஓடினேன். அவருடைய நேரம் 69 நிமிடம் 54 வினாடி. முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் 52 வினாடி விரைவு.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அவர் பதக்கம் வாங்கப் போகவில்லை. நடைபாதை விளிம்பில் அமர்ந்து, காலணியைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, இடது குதிகாலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தோல் முழுமையாக இருந்தது. விரல் இடுக்குகளையும் பார்த்தார். பிறகு ராத்தாவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "கால் நல்லா இருக்கு" என்றுதான் சொன்னார். மறுமுனையில் ராத்தா அழுதார்கள் என்று பிறகு அறிந்தேன்.

ஓட்டத்தால் நோய் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மாத்திரை தொடர்கிறது, மருத்துவரும் தொடர்கிறார். ஆனால் மச்சான் இப்போது ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு நடந்து போகிறார். அது எங்கள் வீட்டில் பெரிய மாற்றம்.

மத்ரஸாவில் ஹிஃப்ழு பிள்ளைகளிடமும் முதல் கிலோமீட்டரைப் பார்க்கிறேன். சேர்ந்த முதல் மாதத்தில் நாளொன்றுக்கு இரண்டு பக்கம் மனனம் செய்து காட்டும் பிள்ளை, பழைய பாடத்தைத் திருப்பி ஓத நேரமின்றி, ஆறாவது மாதத்தில் எல்லாவற்றையும் மறந்து நிற்கிறது. நாளொன்றுக்கு ஐந்து வரி என்று தொடங்கி, பழையதை விடாமல் ஓதி வரும் பிள்ளை முடிக்கிறது. பெற்றோர் வந்து, "இன்னும் கொஞ்சம் வேகமாக் கொடுங்க உஸ்தாத்" என்று கேட்கும்போது, முதல் கிலோமீட்டரில் மச்சான் கேட்டது நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதும் ஆசிரியரின் வேலைதான்.

நம் மார்க்கத்தில் ஓட்டத்துக்கு இடமில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஒருவரோடொருவர் ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதல் முறை அன்னை வென்றதும், பின்னொரு முறை நபி (ஸல்) அவர்கள் வென்றதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றன. அதே நபி (ஸல்) அவர்கள்தாம் இகாமத் சொல்லப்பட்ட பிறகும் தொழுகைக்கு ஓடி வர வேண்டாம், அமைதியாக நடந்து வாருங்கள் என்று கற்பித்தார்கள். ஓட வேண்டிய இடமும் நிதானிக்க வேண்டிய இடமும் வேறு வேறு என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது விளங்கிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் மச்சானைப் போல ஒருவர் இருக்கலாம். நீண்ட காலம் பிறருக்காக ஓடிவிட்டு, இப்போது நாற்காலியில் அமர்ந்திருப்பவர். அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். அதை அவர் நிறையக் கேட்டிருப்பார். மருத்துவரிடம் ஒரு முறை கூட்டிப் போங்கள். பாதத்துக்குப் பொருந்தும் நல்ல காலணி ஒன்று வாங்கிக் கொடுங்கள். பிறகு ஃபஜ்ருக்குப் பின் அவரோடு புறப்படுங்கள். அவர் பேசிக்கொண்டே வரக்கூடிய வேகத்தில், அவர் கேட்பதைவிடச் சற்றுக் குறைவாக. கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும்.